வாசற்படியோடு நின்றுவிடுமா நம் சுத்தம்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எல்லாப் புகழும் வல்ல நாயனுக்கே. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

நாம் ஆலிமல்லோம். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆறு வருஷம் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்ததும்தான் நம்முடைய முதல். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைக் கல்லாவில்தான். ஆகவே, இது ஒரு ஹஜ்ரத்தின் பயான் அல்ல. தராசு பிடிக்கும் ஒருவர், தராசு பிடிக்கும் மற்றவர்களிடம் மனம் விட்டுச் சொல்லும் ஒரு சங்கதி. தவறிருந்தால் பெரியவர்கள் திருத்துவார்களாக.

நம்முடைய மளிகைக் கடை ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் பாதையில் உள்ள ஒரு தாமானில் இருக்கிறது. முன்பு பால்மரம் நின்ற நிலம் அது. தோட்டம் துண்டு போடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, வரிசை வீடுகளும் கடைகளும் எழும்பின. அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டிய சிலர் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். நம் கடையின் பின்சந்தை அடுத்த வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். நம் மார்க்கத்தவர் அல்லர். நம்மை 'நானா' என்பார். நாம் அவரை 'அண்ணே' என்போம். விடியுமுன் எழுந்து வாசலைக் கூட்டுவது அவருக்குத் தோட்டத்து வழக்கம். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு சருகைப் பார்க்க முடியாது.

நம் கடைக்குப் பின்னால் ஒரு நீல டிரம் இருந்தது. காலை வேளையில் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று, கூரைத் தகரத்தின் மழைநீரை அதில் பிடித்து வைத்திருந்தோம். நாமும் கடைப் பிள்ளைகளும் அதில்தான் ஒளுச் செய்வோம். தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். 'மழைநீர், ரஹ்மத்தான நீர்' என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம். டிரம்முக்கு மூடி கிடையாது.

ஒரு நாள் பெரியவருக்குக் காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கிக் காய்ச்சல்! அவருடைய மகள் கடைக்கு வந்து, பணம் பிறகு தருகிறேன் என்று சொல்லி, பார்லி அரிசி வாங்கிப் போனார். நாம் துஆச் செய்தோம். இரண்டு ஆரஞ்சுப் பழமும் கொடுத்தனுப்பினோம். அண்டை வீட்டார் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

பின்னர் சுகாதார இலாகாவினர் வீடு வீடாகச் சோதித்து வந்தார்கள். பெரியவர் வீட்டில் ஒன்றுமில்லை. நம் டிரம்மில் கைவிளக்கு அடித்துப் பார்த்தார்கள். அந்தக் கண்ணாடித் தண்ணீரில் நூற்றுக்கணக்கான புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

நமக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது தொழுகைக்கு ஒளுச் செய்கிற தண்ணீர், சுத்தமான தண்ணீர்" என்று வாதாடினோம். அந்த மலாய்ப் பையன் கோபப்படவில்லை. "அபாங், அது தேடி வருவதும் சுத்தமான தண்ணீரைத்தான்" என்று மலாயில் அமைதியாகச் சொல்லிவிட்டு, அபராதச் சீட்டை எழுதினான்.

சகோதரர்களே! அந்த ஒரு சொல் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சுத்தமும் தீங்கும்

பிக்ஹுச் சட்டப்படி அந்தத் தண்ணீர் தாஹிர்தான். அதில் செய்த ஒளுவும் கூடியிருக்கும். ஆனால் நம் ஒளுவுக்கு உதவிய அதே தண்ணீர் அண்டை வீட்டுக்காரரின் இரத்தத்துக்கு நஞ்சாகிவிட்டதே! பரிசுத்தமானவர்களை அல்லாஹ் நேசிக்கிறான் என்று திருமறையின் பகரா அத்தியாயம் 222-ஆம் வசனம் அறிவிக்கிறது. அந்தப் பரிசுத்தம் நம் மேனியோடு முடிந்துவிடும் ஒன்றா?

இராக் காலத்தில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்த் துருத்திகளின் வாயைக் கட்டி வைக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அதை மதரஸாவில் நாமும் ஓதியிருக்கிறோம். ஓதியது நெஞ்சில் இருந்தது. மூடி டிரம்மில் இல்லை.

இந்தக் கொசுவின் சங்கதியை நாம் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஏடிஸ் என்னும் இக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து நிற்கும் நீரையே நாடும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, இலை அடைத்த கூரைத் தகரம், மூடாத டிரம் எல்லாம் அதற்குத் தொட்டில். முட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழைக்கு உயிர் பெறும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது பகலில் கடிக்கும் கொசு; காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும். நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்வு முடிந்துவிடும். அதாவது, நம் முற்றத்தில் பிறந்த கொசு கடிப்பது நம்மையும் நம் அண்டை வீட்டாரையுமே!

1962-இல் பினாங்கில் இரத்தக்கசிவு டெங்கி கண்டறியப்பட்ட நாள் முதல் இந்தத் தொல்லை நாட்டை விட்டு நீங்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 123,133 பேருக்கு டெங்கி கண்டது. 100 பேர் மரணமடைந்தார்கள். கொசுவை வளரவிடும் வீட்டுக்கும் கடைக்கும் அபராதம் விதிக்க 1975-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அபராதத்தைக் கட்டினோம். அந்தக் கணக்கு முடிந்தது.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறதே!

திவாலானவர் யார்?

வியாபாரிகளாகிய நமக்குத் திவால் என்ற சொல்லைக் கேட்டாலே குலை நடுங்கும். திவாலானவர் யார் என்று தெரியுமா என நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களைக் கேட்டார்கள். காசும் பண்டமும் இல்லாதவர் என்று தோழர்கள் சொன்னார்கள். அண்ணலார் வேறு விதமாக விளக்கம் தந்தார்கள்: தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மறுமையில் வந்து நிற்பான் ஒருவன், ஆனால் இன்னாரை ஏசியிருப்பான், இன்னாரின் பொருளைத் தின்றிருப்பான், இன்னாரை அடித்திருப்பான், அவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குப் பங்கு கொடுக்கப்படும், நன்மை தீர்ந்தும் கடன் தீராவிட்டால், அவர்களுடைய பாவம் அவன் தலையில் சுமத்தப்படும். முஸ்லிம் ஷரீபில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸின் கருத்தை நன்றாக யோசியுங்கள். அல்லாஹ்வின் ஹக்கில் குறை வைத்தால் அவன் ரஹ்மான், மன்னிக்கலாம். அடியார்களின் ஹக்கில் குறை வைத்தால், அந்த அடியார் மன்னித்தால்தானே!

அந்த அடியார் எந்த மார்க்கத்தவராக இருந்தால் என்ன? அண்டை வீட்டார் என்ற சொல்லுக்கு அண்ணலார் மார்க்க வேலி போடவில்லை. எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ, அவனுக்கு ஈமான் இல்லை என்று மும்முறை சத்தியமிட்டுச் சொன்னார்கள் (புகாரி). தீங்கு என்றால் அடிதடி மட்டுமா? மூடாத டிரம்மும் தீங்குதான்.

பெரியவரைக் கடித்த கொசு நம் டிரம்மில் பிறந்ததுதான் என்று எவராலும் சத்தியம் செய்ய முடியாது. 'நிரூபிக்க முடியாதே' என்று நம் நஃப்ஸும் சொல்லிப் பார்த்தது. கடன் சீட்டு இல்லை என்பதற்காக, வாங்கிய கடன் இல்லையென்று ஆகிவிடுமா? இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. பெரியவர் வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தோம். எலும்பும் தோலுமாய்ச் சாய்ந்திருந்தார். சங்கதியை ஒளிக்காமல் சொல்லி மாப்புக் கேட்டோம்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விடுங்க நானா, கொசுவுக்கு எது யாரு வீடுன்னு தெரியுமா? ஆனா லயத்துல இருந்தப்ப வாளியில தண்ணி நின்னா கிராணி சத்தம் போடுவாரு. அப்ப அவரத் திட்டுவோம். இப்பத்தான் சத்தம் போட ஆளே இல்லியே."

சத்தம் போட ஆளில்லை! சகோதரர்களே, அந்த வார்த்தைக்காகவே இதை எழுதத் துணிந்தோம்.

தோட்டம் கற்ற பாடம்

அந்தக் கிராணியின் சத்தத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. மரத்தை வெட்டியதும் மலையோடைகளில் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கூலி மக்கள் காய்ச்சலில் கும்பல் கும்பலாக மாண்டார்கள். 1901-இல் கிள்ளானில் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர், கொயினா கொடுப்பதோடு நிற்கவில்லை. புதரை வெட்டி, கால்வாய் வெட்டி, நின்ற நீரை ஓட விட்டார். அதே ஆண்டு திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் சில மாதங்களிலேயே மூடிவிடலாமா என்ற நிலைக்கு வந்திருந்தது. கால்வாய்தான் அதைக் காப்பாற்றியது. பின்னர் அவர் தோட்டங்களுக்கும் இந்த வேலையைக் கொண்டு போனார். ஓடைகளைக் குழாய் பதித்து மண்ணுக்குள் ஓட்டினார்கள். நீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

அதெல்லாம் துரைமார் கருணை என்று நாம் சொல்ல வரவில்லை. கூலி செத்தால் தோட்டம் நடக்காது என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் அந்தக் கால்வாய்களைத் தோண்டியவை நம் தமிழ் மக்களின் கைகள். இன்று தோட்டம் போய்த் தாமான் வந்தது. துரையும் கிராணியும் போனார்கள். கால்வாய் மட்டும் நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர் யார்?

மேல்தட்டும் கீழ்த்தட்டும்

புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஓர் உவமை. ஒரு கப்பலில் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இடம் பிடித்தார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து போக வேண்டியிருந்தது. மேலிருப்பவர்களுக்குத் தொல்லை கொடுப்பானேன், நம் பங்கில் ஒரு துவாரம் போட்டுக்கொள்வோம் என்று நினைத்தார்கள். மற்றவர்கள் சும்மா விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். இது அண்ணலார் சொன்ன உவமையின் கருத்து.

கவனியுங்கள். துவாரம் போட நினைத்தவர்களின் எண்ணம் கெட்டதல்ல. 'என் பங்கில்தானே செய்கிறேன்' என்பதே அவர்கள் வாதம். நம் டிரம்மும் நம் பங்கில்தானே இருந்தது!

ஈப்போ நகரம் முழுவதும் ஒரு கப்பல் அல்லவா? நம் கடைகளின் கால்வாய்த் தண்ணீர் கடைசியில் கிந்தா நதிக்குப் போகிறது. 1898-இல் கட்டப்பட்ட டத்தோ பங்ளிமா கிந்தா பள்ளிவாசல் அந்த நதிக்கரையிலேயே நிற்கிறது. பின்சந்தில் நாம் எறியும் பிளாஸ்டிக் பையும், உணவுக்கடைச் சட்டியிலிருந்து ஊற்றும் எண்ணெயும் அந்தப் பள்ளியைக் கடந்து, பேராக் நதியில் கலந்து, கடலுக்குப் போகின்றன. ஈயச் சுரங்கங்கள் கொட்டிய மண்ணால் ஒரு காலத்தில் கிந்தா நதியின் படுகை மேடேறிப் போயிற்று. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ஈப்போ நகரமே மூழ்கியது. மேட்டில் கொட்டியவர் ஒருவர். பள்ளத்தில் மூழ்கியவர் வேறொருவர். சீர்திருத்தப்பட்ட பூமியில் குழப்பம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அஃராப் அத்தியாயம் 56-ஆம் வசனம் எச்சரிக்கிறது. அதை ஓதும்போது பெரிய பெரிய அரசர்களைத்தான் நினைக்கிறோம். நம் பின்சந்தை நினைப்பதில்லை.

பாதையின் ஹக்கு

ஈமானுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றில் கடைசிக் கிளை பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்றும் அண்ணலார் கூறியுள்ளார்கள். பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதும் ஹதீஸில் உண்டு. அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், கொண்டுபோய்ப் போட்டவருக்கு என்ன?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் என்ற கிதாபில், பொதுப்பாதையில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் ஹராம் என்று எழுதுகிறார்கள். தீங்கில்லையென்றால் கூடும் என்ற மற்றொரு சொல்லும் அங்கே உண்டு. ஆனால் அதைப் பலமில்லாத சொல்லாகவே வைக்கிறார்கள். மரம் நடுவது நன்மையான காரியம். அதன் கனியைப் பறவை தின்றாலும் தர்மம் என்று ஹதீஸே இருக்கிறது. அப்படிப்பட்ட மரத்தைக்கூடப் பொதுப்பாதையில் நடாதே என்கிறார்கள்! அப்படியானால் அஞ்சடியில் நாம் அடுக்கும் வெங்காய மூட்டைக்கும், எண்ணெய் டின்னுக்கும், மேசை நாற்காலிக்கும் என்ன ஹுக்கும்? மழைக்கும் வெயிலுக்கும் ஜனங்கள் ஒதுங்கி நடக்கத்தானே அஞ்சடி! அதை நாம் அடைத்துவிட்டால், கோல் ஊன்றிய கிழவியும் பிள்ளை தூக்கிய தாயும் மோட்டார் ஓடும் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். அந்த ஐந்தடி நம் கடை வாடகையில் சேர்ந்ததல்ல.

கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாய் பாதையை நோக்கி இருந்தது. அதிலிருந்து விழுந்த நீர் தம் மீது பட்டதால் கலீபா அதைப் பிடுங்கச் சொன்னார்கள். அதை அங்கே வைத்தவர் நாயகம் (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் (ரலி) சொன்னதும், உமர் (ரலி) அவர்கள் நடுங்கிப்போய், தம் முதுகின் மீது ஏறி நின்று அதைத் திரும்பப் பொருத்தும்படி வேண்டிக்கொண்டார்கள். ஜனங்கள் நடக்கும் பாதையில் விழும் நீரைக்கூட ஆட்சித் தலைவரே கவனித்தார் என்பது ஒரு பாடம். தாம் தவறியதாகத் தெரிந்ததும் முதுகு குனிந்தார் என்பது மற்றொரு பாடம். நமக்கோ கால்வாயைப் பார்க்கவும் குனிய முடியவில்லை. தவறை ஒப்பவும் குனிய முடியவில்லை!

நாம் செய்ய வேண்டியது

வெறும் பேச்சால் பிரயோஜனமில்லை. நம் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கொசு வளர ஏழு முதல் பத்து நாள். ஜும்ஆவுக்கு ஜும்ஆ ஏழு நாள். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன், பத்து நிமிஷம் கடையின் முன்னும் பின்னும் சுற்றி வருகிறோம். நின்ற நீரைக் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறோம். கூரைத் தகரத்தில் அடைத்த இலையை எடுக்கிறோம். டிரம்முக்கு மூடி வந்துவிட்டது. கடைப் பிள்ளைகளை மட்டும் ஏவுவதில்லை. முதலாளி குனிந்தால்தான் பிள்ளைகளும் குனிவார்கள்.

உணவுக்கடைச் சகோதரர்கள் எண்ணெய் தடுக்கும் பெட்டியை வைத்தால் மட்டும் போதாது, நாள் தவறாமல் அதை வழிக்க வேண்டும். மளிகைக்கடைக்காரர்கள் அட்டைப் பெட்டிகளை மழையில் ஊறவிடாமல் கட்டி, பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம். முற்றத்துச் சருகைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம். அந்தப் புகை பக்கத்து வீட்டு இழுப்பு நோயாளியின் மார்பில்தான் போய் இறங்கும். குழி தோண்டிப் புதைத்தால் வாழைக்கு எருவாகும்.

உடைந்த கால்வாயைக் கட்டுவது மாநகர் மன்றத்தின் வேலை, மெய்தான். அதற்குத்தானே வரி கட்டுகிறோம்! ஆனால் காப்பிக் கடையில் உட்கார்ந்து ஏசுவதால் கால்வாய் கட்டப்படாது. நாலு கடைக்காரர்களும் நாலு வீட்டுக்காரர்களும், மலாய், சீன, இந்து அண்டை வீட்டார் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தால் அதற்கு ஒரு கனம் உண்டு. கோத்தோங் ரோயோங் நடக்கும் நாளில், பத்து ரிங்கிட்டை நீட்டி ஒதுங்கிக்கொள்ளாமல், மண்வெட்டியோடு போய் நில்லுங்கள்.

உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவில் ரூமா என்ற கிணற்றை வாங்கி ஜனங்களுக்கு விட்டார்கள். ஹாரூன் ரஷீதின் மனைவி ஜுபைதா அம்மையார் மக்காவுக்குத் தண்ணீர் வரக் கால்வாய் வெட்டுவித்தார். தண்ணீரை வரவழைத்தது ஸதக்கத்துல் ஜாரியா என்றால், தேங்கிய தண்ணீரை ஓட விடுவதும் அந்தப் பெயர்ப் பட்டியலில் சேராதா? பள்ளிக்கு மின்விசிறி கொடுத்தால் அதில் பெயர் எழுதலாம். கால்வாயில் பெயர் எழுத முடியாது. ஆயினும் எழுத வேண்டியவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

பெரியவர் இப்போது நடமாடுகிறார். காலையில் கூட்டுகிறார், ஆனால் பாதி முற்றத்தில் களைத்து உட்கார்ந்துவிடுகிறார். மீதிப் பாதியை நம் கடைப் பிள்ளை போய்க் கூட்டுகிறான். அவர் மாப்புக் கொடுத்தாரா என்று கேட்டால், 'விடுங்க நானா' என்றதை மாப்பாகவே நாம் நம்புகிறோம். முடிவான தீர்ப்பு இவ்விடத்தில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் மேனியைச் சுத்தமாக்கியது போல் எங்கள் முற்றத்தையும், எங்கள் முற்றத்தைப் போல் எங்கள் எண்ணத்தையும் சுத்தமாக்குவாயாக! எங்கள் அண்டை வீட்டாரை எங்கள் தீங்கிலிருந்து காப்பாயாக! மறுமையில் திவாலானவர்கள் கூட்டத்தில் எங்களை எழுப்பாதிருப்பாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.